ஓரெழுத்து மாறிய வெள்ளாடுகள்

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கோடியிலே சைப்பிரஸ் என்னும் தீவு இருக்கின்றது. மழை குறைந்த நாடு. கோடை வந்துவிட்டால் குன்றுகள் எல்லாம் காய்ந்து மஞ்சளித்துக் கிடக்கும். பசுக்களுக்கு வேண்டிய பசும்புல் அரிதாக உள்ள அந்நிலத்திலே செம்மறியும் வெள்ளாடுமே பண்டைக்காலந் தொட்டுக் குடியானவனின் செல்வம். அவ்விரண்டையும் ஒரே பட்டியில் அடைத்து, ஒரே மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்வது அங்கே வழக்கம். அவற்றின் பாலைக் காய்ச்சி ஹலூமி என்றொரு பாற்கட்டி செய்கிறார்கள். நெருப்பிலே வாட்டினாலும் உருகி ஓடாத பாற்கட்டி அது. கடல் கடந்து பல நாடுகளுக்குப் போகின்றது.

அத்தீவின் மந்தைகளிலே 1985ஆம் ஆண்டில் ஒரு நோய் கண்டறியப்பட்டது. ஸ்கிறேப்பி என்பது அதன் ஆங்கிலப் பெயர். அந்நோய் கண்ட ஆடு முதலில் மந்தையை விட்டு விலகி நிற்கும். பிறகு தலையும் காதும் நடுங்கும், பின்னங்கால்கள் தடுமாறும். பால் கறக்கக் கை வைத்தால், நேற்றுவரை சாதுவாக நின்ற ஆடு, திமிறி உதைக்கும். தீனி தின்றாலும் உடல் வற்றிக்கொண்டே போகும். சில ஆடுகள் வேலியிலும் சுவரிலும் ஓயாமல் உராய்ந்து, மயிர் உதிர்ந்து, தோல் புண்ணாகி நிற்கும். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறப்பு நிச்சயம். இந்நோய் வந்து பிழைத்த ஆடு இல்லை. இதற்கு மருந்துமில்லை, தடுப்பூசியுமில்லை. பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள், அதாவது ஆடு நன்றாகப் பால் தரும் பருவத்திலேதான், இது வெளிப்படும். தொற்றியதோ, பிறந்த சில நாட்களுக்குள்ளாக இருக்கும்.

நோய் புதியதன்று. இங்கிலாந்தின் செம்மறி வளர்ப்போர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதனை அறிந்திருந்தனர். உராய்ந்து தேய்ப்பதைக் குறிக்கும் சொல்லாலே அவர்கள் இதற்குப் பெயரிட்டனர். பிரெஞ்சுக்காரரோ நடுக்கத்தைக் கண்டு நடுக்கநோய் என்றனர். இரண்டு நூற்றாண்டுகளாக இஃது ஏன் வருகின்றது என்பதில் ஒருமித்த கருத்தே இருக்கவில்லை. பரம்பரைக் கேடு என்றார் சிலர். தொற்று என்றார் சிலர். இருசாராரும் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு வாதாடினர் என்பது பின்னாளிலேதான் தெரிந்தது.

தொற்றுநோய்தான் என்பதை நிறுவியவர்கள் பிரான்சிலே தூலூஸ் நகரத்து மிருகவைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த குயீ, செல் என்னும் இரு அறிஞர்கள். நோயுற்ற செம்மறியின் மூளையையும் முண்ணாணையும் கரைத்து, நலமாயிருந்த செம்மறிகளுக்கு ஊசி மூலம் ஏற்றி, ஓராண்டுக்கு மேலாகப் பொறுமையோடு காத்திருந்து, 1936இல் முடிவைக் கூறினர். அதற்கு முன் முயன்றவர்கள் தோற்றதன் காரணம் அறிவுக்குறைவன்று; அவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. அவ்விருவரே 1939இல் இந்நோய் வெள்ளாட்டுக்கும் பரவும் என்று காட்டினார்கள்.

அதே காலத்தில் பிரித்தானியாவிலே எவரும் எண்ணாத ஒரு விபத்து நேர்ந்தது. உண்ணிகளாற் பரவும் வேறொரு மூளைநோயைத் தடுப்பதற்காகச் செம்மறிகளின் மூளை முதலிய உறுப்புகளிலிருந்து தடுப்பு மருந்து செய்தார்கள். கிருமிகள் சாகவேண்டும் என்று அதிலே போமலின் என்ற திரவத்தைச் சேர்த்தார்கள். ஊசி போட்டு இரண்டு ஆண்டு கழிந்தபின், அம்மருந்தின் ஒரு தொகுதியைப் பெற்ற மந்தைகளிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடுகளுக்கு ஸ்கிறேப்பி கண்டது. பிணங்களைக் கெடாமற் காக்கும் போமலின், எந்தக் கிருமியையும் கொல்லும் போமலின், இதனை மட்டும் கொல்லவில்லை. பின்னர் கொதிநீரும் இதனை அழிப்பதில்லை என்று தெரிந்தது. ஐசுலாந்திலே நோய்கண்ட மந்தையை முற்றாகக் கொன்று, பட்டியைச் சுத்தம் செய்து, புதிய ஆடுகளைக் கொண்டுவந்து விட்ட பண்ணையொன்றில் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகுங்கூட நோய் திரும்பி வந்திருக்கின்றது.

இங்கே வெள்ளாட்டின் கதை ஒரு விநோதமான திருப்பத்தை அடைகின்றது. 1950களிலும் 60களிலும் இங்கிலாந்தின் கொம்ப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் இந்நோயை ஆராய்ந்தவர்களுக்குச் செம்மறிகள் பெரும் தொல்லை கொடுத்தன. ஒரே மூளைக் கரைசலைக் கொடுத்தாலும் சில செம்மறிகள் நோயுற்றன, சில நோயுறவில்லை. இனத்துக்கு இனம் கணக்கு மாறியது. வெள்ளாடுகளோ அப்படியல்ல. ஊசி போட்ட ஆடுகள் ஏறத்தாழ எல்லாமே நோயுற்று இறந்தன. ஆகவே நம்பிக்கைக்குரிய ஆராய்ச்சிப் பிராணி என்ற பெயர் வெள்ளாட்டுக்குக் கிடைத்தது. 1961இல் சான்ட்லர் என்பவர் இந்நோயை முதன்முதலாக எலிகளுக்கு மாற்றியதும் நோயுற்ற வெள்ளாடுகளின் மூளையைக் கொண்டே. இவ்வளவு தவறாமற் சாகும் பிராணியில் நோயை எதிர்க்கும் ஆற்றல் இருக்கக்கூடும் என்று யார் எண்ணுவார்? ஊசியினால் நேரே மூளைக்குள் ஏற்றுவது ஒன்று, பட்டியிலே வாய்வழியாகத் தொற்றுவது வேறொன்று என்பதும், ஆராய்ந்த ஆடுகள் எத்தனை இனத்தவை என்பதும் அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. அந்த எண்ணம் நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

நோய்ப்பொருள் எது என்ற புதிர் மெல்ல மெல்லவே அவிழ்ந்தது. எந்த உயிர்க்கிருமியும், நஞ்சுயிர் எனப்படும் வைரசுங்கூட, தன் இனத்தைப் பெருக்குவதற்கு நியூக்கிளிக் அமிலம் என்னும் பொருளை உடையதாயிருக்கும். அவ்வமிலத்தைச் சிதைக்கும் கதிர்களை இந்நோய்ப்பொருளின்மீது பாய்ச்சிப் பார்த்தார் திக்வா அல்ப்பர் என்ற அம்மையார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நியூக்கிளிக் அமிலமே இல்லாமல் இது பெருகுகின்றது போலும் என்று 1967இல் அவரும் உடன் ஆராய்ந்தவர்களும் எழுதினர். அமெரிக்கரான ஸ்டான்லி புருசினர் 1982இல், இது வெறும் புரதமே என்று கூறி, அதற்குப் பிரியோன் என்று பெயரிட்டார். தமிழ்க் காதுக்குப் பிரியமான பெயர்தான், பொருள் அவ்வாறன்று. அறிவுலகம் அவரை எளிதில் நம்பிவிடவில்லை. ஆயினும் 1997இல் நோபெல் பரிசு அவருக்கே கிடைத்தது.

இப்புரதம் வெளியிலிருந்து வரும் அந்நியப் பொருளன்று. நலமான ஆடு ஒவ்வொன்றின் மூளையிலும் அது இருக்கின்றது, மனிதரிடத்தும் இருக்கின்றது. அமினோ அமிலங்கள் என்னும் மணிகள் 256 கோத்த மாலை போல முதலில் அஃது உருவாகும். உருவானபின் மாலை ஒரு குறித்த முறையில் மடிந்து சுருண்டு தன் வடிவத்தைப் பெறும். நோய் என்பது அவ்வடிவம் பிறழ்வதே. தவறாக மடிந்த புரதம் ஒன்று, சரியாக மடிந்த புரதத்தோடு பொருந்தியவுடன் அதனையும் தன்னைப்போலத் திருப்பிவிடுகின்றது. அது வேறொன்றைத் திருப்பும். இவ்வாறு திரிந்தவை கட்டிகளாய்ச் சேர்ந்து, நரம்புக் கலங்கள் அழிந்து, மூளை கடற்பஞ்சு போலத் துளைபட்டுப்போகும். கொல்வதற்கு அங்கே உயிருள்ள கிருமி எதுவுமில்லை. உடம்புக்கும் அஃது எதிரி என்று தோன்றாது, சொந்தப் புரதமல்லவா?

மாலையின் மணிகளை எந்த வரிசையிற் கோப்பது என்பதைப் பரம்பரையலகு தீர்மானிக்கின்றது. தந்தையிடமிருந்து ஒரு பிரதி, தாயிடமிருந்து ஒரு பிரதி என ஒவ்வோர் ஆட்டுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் கையில் எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடுவதுபோல, தலைமுறைகள் கடக்கையில் இவ்வலகிலும் ஓரெழுத்து மாறுவதுண்டு. பெரும்பாலும் அதனால் நன்மையுமில்லை, தீமையுமில்லை. ஆனால் திரிந்த புரதம் வந்து பொருந்தும் இடத்திலே மணியொன்று மாறியிருந்தால், திறப்பு நுழையாத பூட்டுப்போல, திரிபு அங்கே தடைப்படும். 1993இல் சூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர் இப்புரதமே இல்லாத எலிகளை உண்டாக்கி, அவற்றுக்கு நோயை ஏற்றிப் பார்த்தனர், எலிகள் நோயுறவில்லை. புரதம் எப்படியோ நோயும் அப்படியே என்பது அதனால் ஐயமற விளங்கிற்று.

செம்மறியின் பாடு முதலில் தெளிந்தது. மாலையின் 136, 154, 171 ஆகிய மூன்று இடங்களில் உள்ள மணிகளைப் பார்த்தால், எச்செம்மறி எளிதில் நோயுறும், எது நோயை எதிர்க்கும் என்று சொல்லிவிடலாம். பிரித்தானியா 2001இல் ஒரு தேசியத் திட்டமே வகுத்து, கடாக்களின் இரத்தத்தைச் சோதித்து, எதிர்ப்புள்ளவற்றை இனவிருத்திக்கு விட்டது. சைப்பிரஸிலும் செம்மறிகளுக்கு இவ்வழியே நடந்தது. ஆனால் வெள்ளாட்டுக்கு இந்த அட்டவணை உதவவில்லை. செம்மறியைக் காக்கும் 171ஆம் இடத்து மாற்றம் வெள்ளாடுகளிலே காணப்படவேயில்லை.

இதற்கிடையில் நிலைமை கடுமையாகிவிட்டது. பிரித்தானியாவிலே 1986இல் அறியப்பட்ட பைத்தியப் பசு நோயும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அந்நோய் கண்ட மாட்டின் இறைச்சியால் மனிதருக்கும் ஆபத்து உண்டு என்பது 1996இல் வெளிப்பட்டது. ஸ்கிறேப்பி மனிதருக்குத் தொற்றியதாக இத்தனை நூற்றாண்டுகளில் ஒரு சான்றுமில்லை. ஆயினும் பிரான்சிலே 2002இல் அறுக்கப்பட்ட வெள்ளாடு ஒன்றின் மூளையில் இருந்தது ஸ்கிறேப்பியன்று, மாட்டு நோயே என்று 2005இல் உறுதியாயிற்று. அரசாங்கங்கள் அஞ்சியதிற் பிழையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் விதித்த சட்டம் 2004இல் ஒன்றியத்திற் சேர்ந்த சைப்பிரஸுக்கும் பொருந்தியது.

அச்சட்டம் பட்டியிலே எவ்வாறு நடந்தது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். மந்தையில் ஓர் ஆட்டுக்கு நோய் உறுதியாகின்றது. இறந்த ஆட்டின் மூளைத்தண்டைச் சோதித்தே அதனை வழக்கமாக உறுதிசெய்வர். அதிகாரிகள் வருகின்றனர். செம்மறிகளின் இரத்தத்தை எடுத்து, எதிர்ப்புள்ளவை இவை என்று பிரித்து வைக்கின்றனர், அவை தப்பின. பக்கத்தில் நிற்கும் வெள்ளாடுகளுக்கு அவ்வாறு பிரிக்க ஓர் அடையாளம் சட்டத்தில் இல்லை. சில விலக்குகளும் தவணைகளும் இருந்தன என்றாலும், பொதுவான வழி எல்லாவற்றையும் கொல்வதே. நட்டஈடு கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால், நல்ல பாலுக்கும் இரட்டைக் குட்டிக்குமாகத் தலைமுறை தலைமுறையாய்த் தெரிந்தெடுத்து வளர்த்த டமஸ்கஸ் இன ஆடுகளை நட்டஈட்டுக் காசால் மறுநாளே உண்டாக்கிவிட முடியாது. போதாக்குறைக்கு, புதிதாய் வாங்கிவந்த ஆடுகள் அதே மண்ணிலே மேய்ந்து அதே நோயைப் பெற்றன.

கொல்லப்பட்ட அம்மந்தைகளுக்குள்ளேயே நோயை எதிர்க்கும் ஆடுகளும் நின்றிருந்தன என்பதுதான் இக்கதையின் வேதனை.

அதனை வெளிப்படுத்தியவர்கள் சைப்பிரஸ் அரசின் மிருகவைத்திய ஆராய்ச்சியாளரே. நோய் மலிந்த மந்தைகளிலே நோயுற்ற ஆடுகளையும், அவற்றோடு கூடவே மேய்ந்தும் நலமாயிருந்த ஆடுகளையும் எடுத்து, இருதிறத்தாரின் பரம்பரையலகையும் ஒப்பிட்டனர். மாலையின் 146ஆம் இடத்தில் வழக்கமாக இருப்பது அஸ்பரஜின் என்னும் மணி. நோயுற்றவை ஏறத்தாழ எல்லாமே இரு பிரதியிலும் இம்மணியை உடையவை. நலமாயிருந்தவற்றுள் சிலவற்றிலே அவ்விடத்தில் செரின் என்ற மணியோ அஸ்பாட்டிக் அமிலமோ இருந்தது. 2007இலும் 2011இலும் இம்முடிவுகள் வெளியாயின. இத்தாலி, கிரேக்கம், பிரான்சு ஆகிய நாடுகளின் மந்தைகளிலோ வேறோர் இடம் அகப்பட்டது: 222ஆம் இடத்தில் குளுட்டமினுக்குப் பதிலாக லைசின். கடலின் இக்கரையில் ஓரெழுத்து, அக்கரையில் வேறோர் எழுத்து; செய்த காரியம் ஒன்றே.

கணக்கைப் பார்த்து மட்டும் இத்தகைய செய்தியை நம்பிவிடுதல் தகாது. நலமாயிருந்த ஆடு நாளை நோயுறலாம். தொற்று அதனை எட்டாமலே போயிருக்கலாம். ஆகவே எழுத்து மாறிய ஆடுகளைச் சைப்பிரஸின் நோயுள்ள மந்தைகளிலே அவற்றின் வாழ்நாள் முழுவதும் விட்டுவைத்துப் பார்த்தனர். இறந்தபின் அவற்றைச் சோதித்தபோது நோயின் சுவடே இருக்கவில்லை என்று 2017இல் அறிவித்தனர். ஐக்கிய அமெரிக்காவிலே வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த சோதனை இன்னும் கடுமையானது. பிறந்த குட்டிகளுக்கு நோயுற்ற மூளையை வாய்வழியாகவே ஊட்டினர். வழக்கமான குட்டிகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டில் நோயுற்றன. 146ஆம் இடத்துச் செரினையோ 222ஆம் இடத்து லைசினையோ ஒரே ஒரு பிரதியில் மட்டும் பெற்றிருந்தவை ஆறு ஆண்டுகள் கடந்தும் நோயின்றி இருந்தன.

நோர்வே நாட்டுக் கறவை ஆடுகளிலே 2012இல் தெரியவந்தது எல்லாவற்றிலும் வியப்பானது. அங்கே சில ஆடுகளில், வாக்கியத்தின் நடுவே முற்றுப்புள்ளி விழுந்ததுபோல, 32ஆம் இடத்தோடு செய்தி நின்றுவிடுகின்றது; புரதமே உருவாவதில்லை. சூரிச்சிலே விஞ்ஞானிகள் அரும்பாடுபட்டு எலியிற் செய்ததை இயற்கை ஓசையின்றி ஆட்டில் செய்திருந்தது. அவ்வாடுகள் மற்றவை போலவே மேய்ந்து, குட்டி ஈன்று, பால் கறக்கின்றன. நோயை ஏற்றிப் பார்த்தபோது இருபிரதியிலும் இப்புள்ளி உடையவை நோயுறவில்லை என்று 2020இல் எழுதினர்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். லைசின் மணியுள்ள ஆட்டின் மூளைக்குள்ளேயே நேராக நோயை ஏற்றினால், நெடுநாள் கழித்தேனும் சில நோயுறுகின்றன. ஆகவே அது கோட்டைச் சுவரன்று, உயரமான வேலி. 1998இல் நோர்வேயில் முதலிற் கண்ட வேறுவகை ஸ்கிறேப்பிக்கு இவ்வெழுத்துகளை நம்பியிருக்க முடியாது. அதனினும் பெரிய கவலை இனவிருத்தியிலே உள்ளது. மாறிய எழுத்துள்ள ஆடுகள் பல இனங்களில் மிகச் சிலவே. அச்சிலவற்றின் கிடாய்களை மட்டும் எல்லா மந்தைக்கும் விட்டால் உறவுக்குள்ளேயே கலப்பு மிகுந்து, நோயை வென்ற இனம் பாலையும் வலிமையையும் இழக்கக்கூடும். சைப்பிரஸின் மஹேராஸ் என்னும் உள்நாட்டு ஆடு போன்ற சிறிய இனங்களில் இவ்வச்சம் இன்னும் அதிகம்.

ஆயினும் ஒரு பிரதியே போதும் என்பது குடியானவனுக்குப் பெரும் பேறு. இரு பிரதியிலும் செரின் உடைய ஒரு கிடாயைச் சாதாரண மறிகளோடு விட்டால், பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும் தந்தையிடமிருந்து ஒரு நல்ல பிரதியைப் பெற்றே தீரும். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். மந்தையைக் கொல்லாமல், தாய்மாரின் பால்வளத்தையும் விடாமல், ஒரே தலைமுறையிலே காப்புள்ள குட்டிகளைப் பெறலாம். நோய் உண்டா என்பதை இறந்த ஆட்டின் மூளையே பெரும்பாலும் சொல்லும். எதிர்ப்பு உண்டா என்பதையோ பிறந்த குட்டியின் ஒரு துளி இரத்தமே சொல்லிவிடும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2017இல் சான்றுகள் அனைத்தையும் ஆராய்ந்து, 146ஆம் இடத்து இரு மாற்றங்களும் 222ஆம் இடத்து மாற்றமும் நம்பத்தக்கன என்று கருத்துரைத்தது. 2020 யூன் மாதத்தில் சட்டம் திருத்தப்பட்டது. அன்று முதல், நோய்கண்ட மந்தையிலும் இம்மூன்றில் ஒன்றையேனும் ஒரு பிரதியில் உடைய வெள்ளாடு கொலைக்குத் தப்பலாம். செம்மறிக்குக் கிடைத்த சலுகை வெள்ளாட்டுக்குக் கிடைக்க ஏறத்தாழ இருபது ஆண்டு சென்றிருக்கின்றது.

அடுத்த ஆண்டு, 2021இலே, ஹலூமி என்ற பெயர் சைப்பிரஸுக்கே உரியது என்று ஐரோப்பாவிற் பதிவாகியது. அப்பெயரோடு விற்கும் பாற்கட்டியிலே பசும்பாலிலும் செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் பாலே மிகுந்திருத்தல் வேண்டும் என்பது பதிவின் நிபந்தனை. அவ்வளவு பால் அப்போது தீவில் இல்லை, தவணை கொடுக்கவேண்டியதாயிற்று. மந்தைகள் பெருகவேண்டும், பெருகுவதற்குக் கிடாய்கள் வேண்டும். குட்டியாய் இருக்கும்போதே காதில் இலக்கமிட்டு, இரத்தம் எடுத்து, 146ஆம் இடத்திலே எவ்வெழுத்து இருக்கின்றது என்று பார்த்த பிறகே இப்போது அக்கிடாய்களைத் தெரிவு செய்யமுடிகின்றது.